கிளைடர் இறக்கைக்குள் ஒழுகும் தண்ணீர்ப் பை

இன்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் கிளைடரின் இறக்கையில் தண்ணீர் ஏற்றுவது வேகத்துக்காக. மொத்த எடை 350 கிலோவிலிருந்து 500 கிலோவானால், சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னேறும் தூரம்) குறையாமல் வேகம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடும். டிஸ்கஸ், வென்டஸ்-2 போன்ற மாடல்களில் இறக்கையின் முன்பகுதியே தொட்டி. எல்எஸ்4, ஏஎஸ்டபிள்யூ 20, ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் போன்றவற்றில் ஸ்பாருக்கு (இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் முதுகெலும்புக்கு) முன்னால் நீளமான பை கிடக்கும். எல்எஸ்4 முதலில் பறந்தது 1980-இல். இன்னும் பழைய பையோடு ஓடுகிற இறக்கைகள் உண்டு. ஒழுகுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆனால் "பை ஒழுகுது" என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் வால்வுக் கோளாறுதான் என்பது என் கணிப்பு. எங்கே சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் சொட்டினால் வால்வு. இறக்கை வேரின் (உடலோடு சேரும் முனையின்) இடுக்கு, வடிகால் துளை, ஏர்பிரேக் (இறக்கையின் மேல் எழும் தடுப்புத் தகடு) இருக்கும் பெட்டி என்று வேறு எங்காவது வந்தால் பை, அல்லது பையின் கழுத்தில் இருக்கும் கிளிப். கிளிப்பை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள், அதிலேயே முடிந்துவிடவும் கூடும்.

வால்வு என்றால் வேலை சின்னது. வால்வு மூடி உட்காரும் இடத்தில் புல், மணல் சிக்கியிருக்கும், ஓ-ரிங் (அடைப்பு ரப்பர் வளையம்) கெட்டிப்பட்டிருக்கும், அல்லது காக்பிட்டில் நெம்புகோல் முட்டி நின்ற பிறகும் வால்வு முழுதாக உட்காராமல் இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் பலரை ஏமாற்றுவது: புது ஓ-ரிங் போட்டும் சொட்டு நிற்காது. வால்வு மூடிய நிலையில் இழுகம்பியில் ஒரு நூல் அளவு தளர்வு இருக்க வேண்டும். தடவுவதற்கு சிலிக்கோன் கிரீஸ் வேண்டாம்; பின்னால் ஜெல்கோட் (இறக்கையின் வெளிப்பூச்சு) வேலையிலும் ஒட்டு வேலையிலும் அது பழிவாங்கும். நைட்ரில் ரப்பர் ஓ-ரிங்குக்கு வாசலின் போதும். ஈபிடிஎம் ரப்பர் என்றால் வாசலின் பட்டு ஊதிவிடும்.

பைதான் என்று உறுதியானால், வெளியே இழுப்பதற்கு முன் அதன் மேல்பக்கம், முன்விளிம்பு, இடது அல்லது வலது என்பதை மார்க்கரால் எழுதுங்கள். பையின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் கயிறு எப்படிப் போகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் வெளிமுனையில் ஒரு வளையத்தைச் சுற்றி வேருக்கே திரும்பும்; சிலவற்றில் அய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) பக்கத் துளையில் வெளியே வரும். எதுவானாலும், பை வெளியே வரும்போது அதன் முனையில் கட்டிய ஒரு நைலான் கயிறு அதன் இடத்தில் உள்ளே போய்க் கிடக்க வேண்டும்; பையைத் திரும்ப இழுப்பது அதை வைத்துத்தான். அது அவிழ்ந்து உள்ளே விழுந்தால், ஒரு மணி நேர வேலை ஒரு வார இறுதியை விழுங்கும். முடிச்சை டேப்பால் சுற்றி வழவழப்பாக்கிவிட்டு இழுங்கள்.

ஓட்டை தேட, கழுத்தை அடைத்துக் காற்று ஊதி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். கம்ப்ரெசரை நேராக மாட்டாதீர்கள், தையல் பிளந்துவிடும். யூ வடிவில் வளைத்த ஒளிபுகும் குழாயில் தண்ணீர் ஊற்றி இணைத்தால் அதுவே அழுத்தமானி: இரு பக்க மட்டமும் 20 சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டால் ஏறத்தாழ 20 மில்லிபார். அதற்கு மேல் தேவையில்லை. மடிப்புக் கோடுகளையும், கழுத்து ரூட் ரிப்பில் (இறக்கை வேரை மூடும் சட்டத்தில்) உரசும் இடத்தையும் முதலில் பாருங்கள்.

இனி பசை. துணி எதுவென்று தெரியாமல் பசை வாங்குவதில் அர்த்தமில்லை. பை பெரும்பாலும் பிவிசி பூசியதாகவோ பாலியூரித்தேன் பூசியதாகவோ இருக்கும். கையால் தடவிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செம்புக் கம்பியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, பையின் ஓரத்திலிருந்து வெட்டிய சிறு துணுக்கில் தொட்டு, மறுபடி நீலச் சுவாலையில் காட்டுங்கள். பளிச்சென்று பச்சை எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. புகை நச்சு; ஹேங்கருக்கு வெளியே, விமானங்களை விட்டு விலகி நின்று செய்யுங்கள்.

பிவிசிக்கு எச்எச்-66 போன்ற வினைல் பசை. பை, ஒட்டுத்துண்டு இரண்டிலும் மெல்லிய பூச்சாக இரண்டு முறை, ஒவ்வொன்றும் விரலில் பிசுபிசுக்கும் வரை காயவிட்டு, பிறகு ஒட்டி உருளையால் அழுத்த வேண்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள். பாலியூரித்தேனுக்கு அக்வாசீல் மாதிரியான யூரித்தேன் பசை. இது காற்றின் ஈரத்தில் இறுகுவது. 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். திறந்த டியூபை ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறைக்கும் உதவும். மேலே பாலித்தீன் தாள் விரித்து மணல் மூட்டை வையுங்கள், பசை பாலித்தீனில் பிடிக்காது. சைக்கிள் டியூப் சொல்யூஷன் பிவிசியில் நிற்காது. சூப்பர் க்ளூ மடிக்கும்போது உடையும். சிலிக்கோன் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அது உரிந்த பிறகு வேறெந்தப் பசையும் அங்கே பிடிக்காது.

ஒட்டுத்துண்டு அதே வகைத் துணியில், மூலைகள் வட்டமாக, ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 3 சென்டிமீட்டர் இருக்கட்டும். வெளியே போட்ட ஒட்டை உள்ளிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருக்கும், அகலம்தான் அதற்குப் பதில். இரு பக்கத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்ட பிறகே பசை. மடிப்புக் கோட்டில் வரிசையாக ஊசித் துளைகள் இருந்தால் தனித்தனியாக ஒட்டாமல் ஒரே நீளப் பட்டையாகப் போடுங்கள். பூச்சே செதிலாக உரிகிறது என்றால் ஒட்டாதீர்கள். புதுப் பை வாங்குங்கள்.

பசை காயும் நேரத்தில் இறக்கைக்குள் பாருங்கள். போனில் மாட்டும் மலிவான எண்டோஸ்கோப் கேமராவே போதும். ஸ்பார் ஓரத்தில் வழிந்து இறுகிய ரெசின் சொட்டு, ஊசிபோல் நிற்கும் கண்ணாடி இழை, ஏதோ ஒன்று கண்ணில் படும். பையின் ஓட்டை இருந்த இடத்தை இறக்கையில் அளந்து பார்த்தால் குற்றவாளி அங்கேயே இருக்கும். குச்சியில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். இதை விட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை. வடிகால் துளைகளைத் திறந்து, சின்ன மின்விசிறி வைத்து உள்ளே நன்றாகக் காயும் வரை காற்று விடுங்கள். இறக்கைச் சுவரின் நுரை அடுக்கில் ஈரம் தங்கி, மேலே போய் உறைந்தால் பையைவிடப் பெரிய செலவு.

திரும்பப் போடுவதுதான் கவனம் கேட்கிற வேலை. பைமேல் டால்க் பவுடர் தூவி, நீளவாக்கில் மடித்து, ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் வேரில் ஊட்ட வேண்டும். முறுக்கு விழுந்ததா என்று கேமராவில் பார்த்துவிட்டு, லேசாகக் காற்றூதி விரிய விடுங்கள். அய்லரான், ஏர்பிரேக் இரண்டையும் முழு வீச்சுக்கும் இயக்கிப் பாருங்கள்: பை காலியாக ஒருமுறை, நிரம்பியபின் ஒருமுறை. சுருண்ட பை கட்டுப்பாட்டுக் கம்பி மேல் விழுந்தால், வெறும் பையில் தெரியாதது நிரம்பிய பையில்தான் தெரியும்.

நிரப்பும்போது குழாயைத் தெருக்குழாயோடு இறுக மாட்டாதீர்கள். 1 மீட்டர் தண்ணீர் உயரமே சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம். இறக்கையின் ஒட்டு இணைப்புகள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. புனல் வைத்து, கையேடு சொல்லும் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். காற்றுத்துளையில் டேப் இருந்தால் எடுத்துவிடுங்கள். இரு பக்கமும் சமமாக நிரப்பி, இறக்கையைச் சமநிலையில் நிறுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். ஒரு பக்கம் கனத்துக் கீழே போனால், ஒழுகுவது மறுபக்கம். வால் தொட்டி உள்ளதில் இன்னொன்று: இறக்கைத் தண்ணீர் ஒழுகிப்போய் வாலில் மட்டும் நின்றால் எடை மையம் பின்னுக்கு நகரும். இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னச் சொட்டோடு பறக்கக் கூடாது.

செய்ததைப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவரிடம் காட்டுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது வால்வைத் திறந்து, கழுத்து வழியே காற்று விட்டுப் பையின் உட்புறத்தை உலர்த்திய பிறகு மூடுங்கள்.