நல்ல வாய்ப்பு கிடைத்தது

“எனக்கு முன்னாடி இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் மேடம்?”

நேர்முகத் தேர்வு முடிகிற நேரம். “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டிருந்தேன். எப்போது சேர வேண்டும், வீட்டிலிருந்து வேலை உண்டா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். இவர் மேசை மேலிருந்த விருதுக் கண்ணாடியைக் கையில் எடுத்து, அதில் பொறித்திருந்த வருடத்தைப் படித்துவிட்டு, திரும்ப வைக்கும்போது சாதாரணமாக இதைக் கேட்டார்.

“அவருக்கு இன்னும் நல்ல வாய்ப்பு கிடைத்தது” என்றேன்.

பொய் சொல்லவில்லை. இதை இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பு இருந்தவரின் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. விலகுகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் காரணத்துக்கு ஐந்தே கட்டங்கள்: நல்ல வாய்ப்பு, மேற்படிப்பு, குடும்பச் சூழல், உடல்நிலை, மற்றவை. மேலாளர் என்று ஒரு கட்டம் இல்லை. ‘மற்றவை’யில் டிக் செய்தால் பக்கத்தில் விளக்கம் எழுதியாக வேண்டும். கடைசி நாளில், கணக்கு முடித்துப் பணம் வர வேண்டிய நேரத்தில், யார் எழுதுவார்கள்?

அந்த இடத்திலிருந்து அதற்குள் மூன்று பேர் போயிருந்தார்கள். மூன்று பேருமே ‘நல்ல வாய்ப்பு’.

நாட்டிலேயே விரும்பத்தக்க நிறுவனங்கள் என்ற ஒரு பட்டியலில் எங்கள் பெயர் வந்திருந்த சமயம் அது. இப்படிப்பட்ட பட்டியல்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளியில் இருப்பவர்களைக் கேட்பது: இந்த நிறுவனத்தைத் தெரியுமா, தெரியும் என்றால் அங்கே வேலை செய்ய ஆசையா? ஆள் சேர்ப்பு நிறுவனமான ரான்ட்ஸ்டாட் பல நாடுகளில் நடத்தும் ஆய்வு இந்த ரகம். சம்பளம், வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் இடையில் சமநிலை, வேலை நிரந்தரம், இணக்கமான சூழல் ஆகியவை அதில் வருடா வருடம் இடம் மாறி மாறி மேலே வரும். இன்னொன்று, உள்ளே இருக்கும் ஊழியர்களையே கேட்பது. எங்களுக்குக் கிடைத்தது முதல் ரகம், அதைவிடச் சின்ன அளவில். அதாவது எங்களிடம் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர்கள் எங்களுக்குக் கொடுத்த மதிப்பெண். அதைத்தான் ஒவ்வொரு விளம்பரத்திலும் போட்டுக்கொண்டிருந்தோம்.

வேலை செய்யும் இடமாக ஒரு நிறுவனத்துக்கு வெளியில் இருக்கும் பெயரை எங்கள் தொழிலில் எம்ப்ளாயர் பிராண்ட் என்பார்கள். டிம் ஆம்ப்ளரும் சைமன் பேரோவும் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சொல் பரவியது. பொருளை விற்கப் பழகிய சந்தைப்படுத்தல் அறிவை வேலைக்குப் பொருத்திப் பார்த்த கட்டுரை. சோப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்கிக்கொள்ளலாம். இருந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எனக்கு இது அப்போதே தெரியும் என்பதுதான் சங்கடம்.

அவர் சேர்ந்தார். ஐந்தாவது மாதம் ராஜினாமா கடிதத்தோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பெரிய கொடுமை எதுவும் நடந்துவிடவில்லை. விடுப்புக்கு விண்ணப்பித்தால் மேலாளர் அதை முந்தின நாள் மாலை வரை அப்படியே வைத்திருப்பார். மறுக்கவும் மாட்டார், ஒப்புதலும் தர மாட்டார். தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிட்டு, டிக்கெட்டும் வாங்கிவிட்டு, தினமும் திரையைத் திறந்து ‘நிலுவை’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். முந்தின நாள் ஆறரை மணிக்கு ஒப்புதல் வந்ததாம். “கிடைச்சது மேடம், கிடைக்காம இல்லை” என்று அவரே மேலாளருக்குப் பரிந்து பேசினார். விடுப்பில் தாராளம், நெகிழ்வான பணி நேரம் என்று நான் விளம்பரத்தில் போட்டதெல்லாம் உண்மை. எல்லாம் அந்த ஒரு மேசையில் ஆறரை மணி வரை காத்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘உங்கள் மேலாளரோடு யாரும் நிலைக்கவில்லை’ என்றா? அதே மேலாளரிடம் ஆறு வருடமாக இருக்கும் இரண்டு பேர் அவரைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார் என்கிறார்கள். மூன்று பேரை வைத்து ஒரு மனிதரைப் பற்றி வெளியாளிடம் பேசுவது நியாயமா? வேலையின் குறைகளை முன்கூட்டியே சொல்லிச் சேர்ப்பதைப் பற்றி நிறைய ஆய்வுகள் உண்டு. அப்படிச் சொன்னால் பாதியில் விலகுவது குறைகிறது. ஆனால் கொஞ்சம்தான் குறைகிறது. அந்தக் ‘கொஞ்சம்தான்’ பல நாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. சொல்லியிருந்தாலும் போயிருப்பார் என்று.

அப்புறம் யோசித்தால், அவர் போனதா என்னை உறுத்துகிறது? கேள்வி கேட்டபோது நான் தயங்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது. ஒரு நொடி யோசித்திருந்தால்கூட அவர் புரிந்துகொண்டிருப்பார். அவ்வளவு சரளமாக வந்தது பதில். நல்ல நிறுவனங்கள் எவை என்று 1980களில் நிறுவனம் நிறுவனமாகப் போய் ஊழியர்களோடு பேசிப் பார்த்த பத்திரிகையாளர் ராபர்ட் லெவரிங், கடைசியில் முதலாவதாகச் சொன்னது சம்பளத்தை அல்ல, மேலே இருப்பவர்கள்மேல் உள்ள நம்பிக்கையை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் நிறுவனத்தில் முதன்முதலில் நம்பிய ஆள் நான்.

படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். கட்டங்களைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எதைப் போடலாம் மேடம்?”

கையில் வேறு வேலை எதுவும் இல்லாமல்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். “நல்ல வாய்ப்பு என்று போட்டுவிடுங்கள், பிற்பாடு உங்களுக்குத்தான் சிக்கல் இருக்காது” என்றேன். அவர் நன்மைக்குத்தான் சொன்னேன். பேனாவை எடுத்தவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

அடுத்த ஆளுக்கு நேர்முகம் வைத்தபோது பதிலைத் தயாராக வைத்திருந்தேன். நான்கு பேர் போயிருக்கிறார்கள், காரணம் இது என்று நினைக்கிறேன், முடிந்தால் குழுவில் ஒருவரோடு தனியாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள் என்று, வார்த்தை வார்த்தையாக. விருதுக் கண்ணாடியைக்கூட அலமாரிக்கு மாற்றிவிட்டேன். வந்த பெண் எல்லாவற்றுக்கும் நன்றாகப் பதில் சொன்னார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன்.

“ஆஃபர் லெட்டர் எப்போ வரும் மேடம்?”

திங்கட்கிழமை என்றேன்.