எட்டாம் நம்பர் ஸ்பானரும் எங்கள் சைக்கிள் ஷெட்டும்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், போர்ட்டிகோவில் நின்ற மகளின் கியர் சைக்கிளைக் காணோம். நம்பர் பூட்டுப் போட்ட கேபிள் மட்டும் இரண்டு துண்டாகத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. பெரிய ஆயுதமெல்லாம் தேவைப்பட்டிருக்காது, ஒரு கட்டிங் பிளேயர் போதும். சுண்டு விரல் தடிமன் இருக்கிறதே என்று நம்பி வாங்கிய கேபிள் அது, மேலுறையை உரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற கம்பி அதில் பாதிகூட இல்லை. பக்கத்திலேயே நின்ற அப்பாவின் பழைய ஹெர்குலிஸைத் தொடக்கூட இல்லை, அதற்கு அன்றைக்குப் பூட்டே போடவில்லை. "நல்லா பாத்துட்டு வேண்டாம்னு வெச்சுட்டுப் போயிருக்கான்" என்று அப்பாவுக்கு அதில்தான் வருத்தம்.

ஸ்டேஷனில் புகாரைப் பதிந்துகொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். பில் இருக்கா, பிரேம் நம்பர் இருக்கா என்று கேட்டார்கள். பில் இருந்தது. பிரேம் நம்பர் என்று ஒன்றை, பெடல் மாட்டுகிற இடத்துக்கு அடியில் அடித்திருப்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் சைக்கிளை இப்போதே கவிழ்த்து அந்த நம்பரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் நடக்காது.

இனி போர்ட்டிகோ வேண்டாம், பின்பக்கம் சமையலறையை ஒட்டிக் கிடக்கிற இடத்தில் இரும்பு ஷெட் ஒன்று போட்டுவிடலாம் என்று முடிவானது. முதலில் ஆன்லைனில்தான் தேடினேன். தனித்தனியாக வந்து நாமே மாட்டிக்கொள்கிற ரெடிமேட் ஷெட்டுகள் இருக்கின்றன, போட்டோவில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விவரத்தில் தகட்டின் தடிமனைத் தேடிப் பாருங்கள், பாதிப் பேர் போடவே இல்லை. போட்டிருந்த ஒருவரிடம் 0.3 மி.மீ. என்று இருந்தது. அது எண்ணெய் டின் கனம்தான், டின் கட்டரால் துணி மாதிரி கத்தரித்துவிடலாம். மழைக்கும் வெயிலுக்கும் சரி, திருட்டுக்கு ஆகாது. அதற்கு 19,000 ரூபாய் வேறு.

சரி என்று பட்டறையில் செய்துகொள்ளலாம் என இறங்கினேன். அதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தேன். மொட்டை மாடியில் நாலு சைக்கிளையும் (காணாமல் போனதற்குப் பதிலாகப் புதிதாக வாங்கியதையும் சேர்த்து) நிறுத்தி, சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு சைக்கிள் ஏறத்தாழ ஆறடி நீளம், ஹேண்டில்பார் இரண்டடி அகலம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்த்து நிறுத்தினால் ஹேண்டில்கள் மாட்டிக்கொண்டு எட்டடி அகலம் கேட்கிறது. ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திருப்பி வைத்து, திருப்பியதன் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு ஹாலோ பிளாக்கும் கொடுத்தால் நாலரை அடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆக 7 அடி நீளம், 4½ அடி அகலம், உயரம் 5½ அடி, குறுகிய பக்கத்தில் இரட்டைக் கதவு. உயரத்தை ஆறடியாக வைத்திருக்கலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது தலையில் இடித்துக்கொள்கிறேன்.

பட்டறையில் விலை எடைக்கு. செய்கூலியோடு சேர்த்துக் கிலோ 135 ரூபாய் என்றார் பட்டறைக்காரர். ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் ட்யூபில் பிரேம், சுற்றிலும் 18 கேஜ் தகடு, மேலே மட்டும் கலர் ஷீட். கேஜ் கணக்கு முதலில் குழப்பும், நம்பர் கூடக் கூடத் தகடு மெலியும். 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 16 என்றால் 1.6, 18 என்றால் 1.2. எடையை நாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. நான் போட்ட கணக்கில் 175 கிலோ வந்தது. அவர் "200க்குக் கிட்ட வந்துரும் சார்" என்றார். கடைசியில் எடைமேடைச் சீட்டில் 172.

அந்த 172க்கும் ஒரு கதை உண்டு. கோவையில் ஒரு வசதி, பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் தெருவுக்கு ஒருவராவது வீட்டில் தடிமன் அளக்கிற வெர்னியர் வைத்திருப்பார். எதிர்வீட்டு மாமா ஓய்வு பெற்ற டர்னர், சும்மா வருகிறேன் என்று என்னோடு பட்டறைக்கு வந்தவர் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து ட்யூப் முனையில் வைத்தார். 16 கேஜ் என்று பேசியது, 1.2தான் காட்டியது. பட்டறைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "எடைக்குத்தானே காசு வாங்கறேன், கனம் கம்மின்னா உங்களுக்குத்தானுங்க லாபம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது, ஒரு நிமிஷம் நானே தலையாட்டிவிட்டேன். மாமாதான் விடவில்லை, "ஏனுங்க தம்பி, நிலைச்சட்டத்துக்காவது பேசுனதப் போடுங்க" என்று நின்றார். கதவு நிலையும் நாலு மூலைக் கால்களும் 16 கேஜில் மாறின. மற்றதை விட்டுவிட்டோம்.

இதற்கிடையில் வீட்டில் அடித்தளம். எட்டடிக்கு ஐந்தரை அடி, நாலு இஞ்ச் கான்கிரீட், ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி), மூன்றரை மூட்டை சிமெண்ட் ஆனது. தண்ணீர் நிற்காமல் இருக்க வெளிப்பக்கமாக அரை இஞ்ச் வாட்டம். கொத்தனாரிடம் நான் கேட்ட ஒரே கூடுதல் வேலை, 16 மி.மீ. கம்பியை லாடம் மாதிரி வளைத்து, கால்கள் கான்கிரீட்டுக்குள் போகும்படி நடுவில் பதிக்கச் சொன்னது. கதவைத் திறந்துவிட்டாலும் சைக்கிள்கள் சங்கிலியோடு தரையில் கட்டியிருக்கும். எதுக்குங்க இது, மாடு கட்டவா என்று கேட்டுவிட்டுத்தான் பதித்தார். ஏழு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.

ஷெட் தயார் என்று போன் வந்தது, குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், முழுதாக வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, அழகாக. வண்டியிலிருந்து இறக்கி நாலு பேர் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கச் சந்துக்கு வந்தார்கள். சந்தின் அகலம் மூன்றடி, ஷெட் நாலரை அடி. சைக்கிளை அளந்தேன், பின்பக்கத்தை அளந்தேன், மாடியில் கோலம் போட்டேன், அந்தச் சந்தை மட்டும் அளக்கவே இல்லை. தூக்கிக்கொண்டு நின்ற ஒரு தம்பி, "அண்ணா, சைக்கிளையெல்லாம் ரோட்டுக்குக் கொண்டாந்துரலாம்ங்ணா, அதான் ஈஸி" என்றான். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தூக்கலாம் என்றால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் செம்பருத்தி வரிசை. திரும்பப் பட்டறைக்கே போனது.

மூலைகளில் அறுத்து நாலு பக்கமாகப் பிரித்து, எல் ஆங்கிள் வைத்து, போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி மாற்றித் தந்தார்கள், கூடுதலாக 2,500. தப்பு என்னுடையதுதான், கொடுத்தேன். ஆனால் இங்கே ஒன்று சொல்லிவிட்டேன், வெளியே தெரிகிற பக்கம் போல்ட் தலை உருண்டையாக, ஸ்பானர் பிடிக்க இடமில்லாததாக இருக்க வேண்டும், நட்டெல்லாம் உள்பக்கம். மாட்டி முடித்ததும் நட்டின் மேல் ஒரு பொட்டு வெல்டிங்கும் வைத்தார்கள்.

தரையோடு பிடிக்க 12 மி.மீ. ஆங்கர் போல்ட். கதவு திறக்கும்போது தண்ணீர்க் குழாயில் இடிக்கிறது என்று ஷெட்டை நாலு இஞ்ச் ஓரமாகத் தள்ளினோம், அதனால் ஒரு மூலையில் துளை கான்கிரீட் ஓரத்திலிருந்து இரண்டே இஞ்ச்சில் விழுந்தது. ஆங்கர் முறுக்க முறுக்க உள்ளே விரியும், அதுதான் அதன் பிடிப்பு. விரிந்தது, டப் என்று ஒரு சத்தம், மூலைக் கான்கிரீட் வெல்லக்கட்டி மாதிரி பெயர்ந்து கீழே விழுந்தது. ஓரத்திலிருந்து நாலு இஞ்சாவது உள்ளே தள்ளித்தான் போட வேண்டுமாம். கால் பட்டைகளை உள்பக்கமாக வைத்துப் புதிதாகத் துளை போட்டு, அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டோம்.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. திண்டுக்கல் பூட்டு வாங்கியிருந்தேன், கையால் செய்கிறதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, 2019இல். நல்ல கனம், சாவி திரும்பும்போது ஒரு சத்தம் வருமே, அதற்கே காசு கொடுக்கலாம். நாதாங்கியைத் திருகு இல்லாமல் வெல்டிங்கிலேயே பிடித்து, பூட்டின் வளையம் வெளியே தெரியாதபடி சுற்றிலும் இரும்புப் பட்டையில் ஒரு கூண்டும் வைத்தாயிற்று, கட்டரை உள்ளே நுழைக்க முடியாது. எனக்கு ஏக திருப்தி. பக்கத்து வீட்டுப் பையன், டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறவன், காபி டம்ளரோடு ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "அண்ணா, எட்டாம் நம்பர் ஸ்பானர் இருக்குங்களா?"

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறினான். கூரை ஷீட்டைப் பிடித்திருந்தது வெளியிலிருந்து முடுக்கிய ஸ்க்ரூதான், தலை ஆறு பட்டை, கீழே ரப்பர் வாஷர். ஒரு பக்கம் மட்டும் எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினான், ஷீட்டை உறையின் மூடி மாதிரி மேலே மடக்கினான், மகளின் புது சைக்கிளைப் பார்த்துக் கையசைத்தான். ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திருட வருகிறவன் எவனும் நான் வாங்கி வைத்த பூட்டைத் தொட்டிருக்கக்கூட மாட்டான்.

கூரையை அப்படியே வெல்டிங் அடித்துவிடுங்கள் என்று மறுநாள் வெல்டரிடம் கேட்டேன். அவர் முடியாது என்றார். "அது ஜி.ஐ. மேல கலர் அடிச்சது சார், வெச்சா ஓட்டை விழும். வெள்ளைப் புகை வேற, ராத்திரி குளிர் ஜுரம் வந்துரும்." சும்மா சொல்லவில்லை, ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு, அந்தத் துத்தநாகம் புகைந்தால் அப்படிக் காய்ச்சல் வரும். அதனால் ஷீட்டைக் கழற்றிவிட்டு, பிரேமின் மேல் 10 மி.மீ. கம்பியை ஐந்து இஞ்சுக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து வெல்டிங் அடித்து, ஜன்னல் கம்பி மாதிரி ஆக்கி, அதன் மேல் திரும்ப ஷீட்டைப் போட்டோம். பதினாறு கம்பி, 14 கிலோவுக்குள். பையனைக் கூப்பிட்டுத் திரும்பவும் ஏறச் சொன்னேன், ஷீட்டைத் திறந்து கையை விட்டு மணி மட்டும் அடித்துவிட்டு இறங்கினான்.

ஐப்பசி மழையில் இன்னொன்று தெரிந்தது. கூரை ஒழுகவில்லை, ஆனால் விடிகாலையில் சைக்கிள் சீட்டெல்லாம் ஈரம். ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. மேலும் கீழும் வலை போட்டுக் காற்றுத் துளை விட்டிருந்தும் போதவில்லை. வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஃபோம் ஷீட் ஒன்றைக் கூரைக்கு அடியில் கொடுத்த பிறகு நின்றது, மத்தியான வெக்கையும் கொஞ்சம் குறைந்தது.

எல்லாம் சேர்த்து 37,000 ரூபாய் ஆயிற்று. காணாமல் போன சைக்கிள் 14,500. இந்த இரண்டு எண்களையும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் காட்டுகிறார்கள், நான் பதில் பேசுவதில்லை. அப்பா தன் ஹெர்குலிஸை உள்ளே விட மாட்டேன் என்றுவிட்டார், அஞ்சரை மணிக்குப் பால் வாங்கப் போக யாரிடம் சாவி கேட்பது என்று. அதனால் நாலு சைக்கிளுக்குக் கட்டிய ஷெட்டில் மூன்றுதான் நிற்கிறது, அது நிற்க வேண்டிய இடத்தில் இப்போது வெங்காய மூட்டை. பெயர்ந்த மூலையின் மேல் ஒரு கற்றாழைத் தொட்டியை வைத்து மறைத்திருக்கிறார்கள், அதை நகர்த்தக் கூடாது என்று எனக்கு உத்தரவு.