அரசரை நம்பியவர்கள்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 7, 2025

டன்மோர் பிரகடனத்துக்கு இன்றோடு 250 ஆண்டு. அமெரிக்கப் புரட்சி என்றால் வாஷிங்டன், ஜெஃபர்சன், தேயிலையைக் கடலில் கொட்டியது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பக்கம் போகாமல் மூன்றாம் ஜார்ஜ் அரசருக்கே விசுவாசமாக இருந்த குடியேறிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அவர்கள் அரசரை நம்பினார்கள், சரி. அரசர் தரப்பு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியதா? இந்தக் கேள்வியோடுதான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.

வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு நார்ஃபோக் அருகே கப்பலில் இருந்தபடி அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் வந்து அரசருக்காக ஆயுதம் ஏந்தினால் விடுதலை. கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு மட்டும்தான். அரசர் பக்கம் நின்ற எஜமானர்களின் அடிமைகளுக்கு அதில் இடமில்லை. டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர். அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கானோர் இரவோடு இரவாகத் தப்பி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை அடுத்த ஆண்டே அம்மை வாரிக்கொண்டு போயிற்று.

நவம்பர் 9

அரசர் கட்சி என்றால் பொய்முடி வைத்த பணக்காரர்கள் என்றே நானும் எண்ணியிருந்தேன். அவர்களும் இருந்தார்கள். ஆனால் பண்ணையார் புரட்சிப் பக்கம் சாய்ந்த ஒரே காரணத்தால் அரசர் பக்கம் போன நியூயார்க் குத்தகை விவசாயிகளும் இருந்தார்கள். வட கரோலினாவில் அப்போதுதான் வந்து காடு திருத்திய ஸ்காட்லாந்து மலைநாட்டார் இருந்தார்கள். அரசர் பேரில் சத்தியம் செய்துவிட்டோம், அதை எப்படி மீறுவது என்று தவித்த ஆங்கிலிக்கன் பாதிரிமார் இருந்தார்கள்.

அவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. 1765 ஆகஸ்ட் 26 இரவு பாஸ்டனில் மாசசூசெட்ஸின் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டுக்குள் கூட்டம் புகுந்து அடித்து நொறுக்கியது. அவர் எழுதிக்கொண்டிருந்த வரலாற்று நூலின் கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. 1774 ஜனவரிக் குளிரில் ஜான் மால்கம் என்ற சுங்க அதிகாரியின் உடம்பில் சூடான தாரை ஊற்றி, இறகுகளை ஒட்டி, வண்டியில் வைத்து மணிக்கணக்காக ஊரைச் சுற்றி இழுத்தார்கள். நம் ஊரில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவார்களே, அதைவிடக் கொடுமை. தாரைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். மால்கமும் லேசுப்பட்டவர் அல்ல, ஒரு செருப்புத் தொழிலாளியின் மண்டையைத் தடியால் பிளந்தவர். அதற்காக இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நவம்பர் 12

பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் வில்லியம், நியூ ஜெர்சியின் கடைசி அரச ஆளுநர். புரட்சிக்காரர்கள் பிடித்துக் கனெக்டிகட்டில் சிறை வைத்தார்கள். 1777-இல் நியூயார்க்கில் மனைவி இறந்தபோது அவரால் போய் முகம் பார்க்க முடியவில்லை. போர் முடிந்து சமாதானம் கேட்டு மகன் கடிதம் எழுதினார். அப்பா ஆறவே இல்லை. உயிலிலும், போரில் தனக்கு எதிராக நின்றதைக் காரணம் காட்டி, பேருக்கு ஏதோ எழுதிவைத்தார். மின்னலைக் காற்றாடியில் பிடித்த அந்தச் சோதனையில் அப்பாவோடு கூட நின்ற மகன் இவர்தான்.

நவம்பர் 16

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை இருக்கிறது. பீடத்தில் திப்பு சுல்தானின் இரு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். நமக்கு அவர் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஜெயித்தவர். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு யார்க்டவுனில் தோற்றபோது என்ன செய்தார் என்பதைத்தான் இன்று படித்தேன்.

1781 அக்டோபர் 19 அன்று சரணடைந்தார். பேச்சுவார்த்தையில் பத்தாவது ஷரத்தாக, தன்னோடு சேர்ந்த உள்ளூர்க்காரர்களைத் தண்டிக்கக் கூடாது என்று கேட்டார். வாஷிங்டன் ஒப்புக்கொள்ளவில்லை. சோதனையில்லாமல் ஒரே ஒரு கப்பல் வெளியேற மட்டும் அனுமதி கிடைத்தது. அதில் இடம் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். சரணடைவதற்கு முன்பே, தன்னை நம்பி வந்த கறுப்பின மக்களில் அம்மை கண்டவர்களை முகாமைவிட்டு வெளியே துரத்தியது அவருடைய படை. இரண்டு பீரங்கிப் படைகளுக்கு நடுவே, காட்டில், சாப்பாடில்லாமல் செத்தார்கள். பத்தாவது ஷரத்தில் அவர் தோற்றார் என்றாவது சொல்லலாம். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நவம்பர் 19, புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

போரை முடிக்க பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த சமாதான ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து, பிரிட்டிஷ் படை வெளியேறும்போது 'நீக்ரோக்களையோ பிற சொத்துக்களையோ' கொண்டுபோகக் கூடாது என்றது. செய்தி நியூயார்க்குக்கு எட்டியதும், அங்கே அடைக்கலம் புகுந்திருந்தவர்களுக்கு உயிரே போயிற்று. பாஸ்டன் கிங் என்ற தச்சர் பிற்பாடு தன் வரலாற்றை எழுதியிருக்கிறார். பழைய எஜமானர்கள் தெருவிலேயே ஆட்களைப் பிடித்ததையும், படுக்கையிலிருந்து இழுத்துப் போனதையும், பல நாள் சோறும் தூக்கமும் இல்லாமல் கிடந்ததையும் சொல்கிறார்.

1783 மே மாதம் டாப்பனில் வாஷிங்டனும் பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டனும் சந்தித்தார்கள். வாஷிங்டன் முதலில் எடுத்ததே அடிமைகளைத் திருப்பித் தரும் பேச்சைத்தான். சிலர் ஏற்கெனவே கப்பலேறிவிட்டார்கள் என்றார் கார்ல்டன். பிரகடனத்தை நம்பி வந்தவர்கள் சுதந்திர மனிதர்கள், அவர்களைக் கைவிடுவது மானக்கேடு என்று சொல்லிவிட்டார். இந்த வரலாற்றில் நான் எழுந்து நின்று கும்பிட நினைக்கும் இடம் இதுதான்.

பிறகு புதன்கிழமைதோறும் ஃபிரான்சஸ் டாவர்ன் என்ற விடுதியில் இரு தரப்பும் உட்கார்ந்து தாவாக்களைக் கேட்டன. இதற்கு முன்பிருந்தே, நியூயார்க்கிலிருந்த பிரிட்டிஷ் தளபதி பர்ச் பெயரில் சான்றிதழ் கொடுத்து வந்தார்கள். அப்படி ஒன்று நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது: அச்சடித்த சிறிய தாள், 1783 ஏப்ரல் 21 தேதி, கேட்டோ ராம்சே என்பவருக்கு. நோவா ஸ்கோஷியாவுக்கோ 'அவருக்கு உசிதமாகப் படும் வேறு எங்குமோ' போக அனுமதி என்கிறது. முந்தைய நாள்வரை எஜமானன் சீட்டில்லாமல் பக்கத்துத் தோட்டத்துக்குக்கூடப் போக முடியாத மனிதர்களின் கையில் இந்தத் தாள்!

கப்பலேறிய ஏறத்தாழ 3,000 பேரைப் பேரேட்டில் எழுதினார்கள். பெயர், வயது, ஆள் எப்படி, யாருடைய அடிமை, எந்தக் கப்பல். ஒரு வரி: ஹாரி வாஷிங்டன், 43, நல்ல ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு ஆண்டு முன்பு ஓடிவந்தவர்.

நவம்பர் 22

பெஞ்சமின் மார்ஸ்டன், மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் வணிகர். அரசர் பக்கம் நின்றதால் எல்லாம் இழந்தவர். 1783-இல் நோவா ஸ்கோஷியாவின் ஷெல்பர்னில் நில அளவையாளராகச் சேர்ந்து, அகதிகளுக்கு மனை பிரித்துக் கொடுத்தார். நாட்குறிப்பும் எழுதினார். ஒன்றிரண்டு ஆண்டில் அங்கே பத்தாயிரம் பேர் வரை குவிந்தார்கள். வெறும் பாறை மண், மனைக்கு ஓயாத சண்டை.

பக்கத்திலேயே பர்ச்டவுன், அரசர் பக்கம் நின்ற கறுப்பின மக்களின் ஊர். மனையும் மரமும் வந்து சேராததால் பலர் தரையில் குழி தோண்டி, மேலே மரத்துண்டுகளால் கூரை போட்டு அந்தப் பனிக்காலத்தைக் கழித்தார்கள். 1784 ஜூலை 26 அன்று மார்ஸ்டன் எழுதுகிறார்: படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்கள் சுதந்திரக் கறுப்பர்களை ஊரைவிட்டுத் துரத்தக் கிளம்பிவிட்டார்கள், காரணம் இவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்வது. அடுத்த நாள், ஏறக்குறைய இருபது வீடுகளை இடித்ததாகக் குறிப்பு. இடித்தவர்களும் அரசருக்காகச் சண்டை போட்டவர்கள்தான். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் மேலே படிக்க முடியவில்லை. மார்ஸ்டனும் உயிருக்குப் பயந்து ஹாலிஃபாக்ஸுக்கு ஓடினார், வேலையும் போயிற்று.

நவம்பர் 25

1783-இல் இதே நாளில் பிரிட்டிஷ் படை நியூயார்க்கைக் காலி செய்தது. கூட்டிப் பார்த்தால் சுமார் 60,000 அரச விசுவாசிகள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். லண்டனில் ஆணையம் அமைத்து, மனுக்களை விசாரித்து, ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். தோற்ற அரசு தன் ஆட்களுக்கு இவ்வளவு செய்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் சொத்துப் பத்திரம் காட்டியவர்களுக்கே பணம். தன் உடம்பே இன்னொருவனின் சொத்தாக இருந்தவர் என்ன பத்திரத்தைக் காட்டுவார்?

தாமஸ் பீட்டர்ஸ் என்ற கறுப்பின முன்னாள் படைவீரர், வாக்களித்த நிலம் கிடைக்கவில்லை என்ற மனுவோடு லண்டன் போனார். அதன் பலனாக 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் கிட்டத்தட்ட 1,200 பேர் ஹாலிஃபாக்ஸிலிருந்து சியரா லியோனுக்குப் புறப்பட்டு, ஃப்ரீடவுனை உருவாக்கினார்கள். நில வரி இருக்காது என்று அழைத்துப் போன ஜான் கிளார்க்சன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குடியேற்றத்தை நடத்திய சியரா லியோன் கம்பெனி வரி கேட்டது. 1800-இல் குடிகள் கிளர்ந்தார்கள், கம்பெனி படைபலத்தால் அடக்கியது. இருவரைத் தூக்கிலிட்டு, பலரை நாடுகடத்தினார்கள். ஃப்ரீடவுனுக்கு எதிர்க்கரையான புல்லம் கரைக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். அப்போது அவருக்கு அறுபது வயது.