பாரம் எங்கே தெரியும்? அனிமேஷன் செயன்முறைப் பரீட்சைக்கு இருக்கிறவர்களுக்கு

பெறுபேறு வந்துவிட்டது, செயன்முறையில் நல்ல புள்ளி. வந்ததிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் "அக்கா, எப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். தனித்தனியே வொய்ஸ் அனுப்ப ஏலாது, அதனால்தான் எழுதுகிறேன். பேப்பரின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பந்து, நடை, பாரம் தூக்குதல் இந்த மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாரமான பொருள் வேகமாக விழும் என்று நினைத்துக் கீ (ஒரு நேரத்தில் பொருள் இருக்கவேண்டிய நிலையின் குறி) வைக்காதீர்கள். காற்றுத்தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் இரும்புக் குண்டும் டெனிஸ் பந்தும் ஒரே நேரத்தில்தான் நிலத்துக்கு வரும். 1.2 மீற்றர் உயரத்திலிருந்து எதை விட்டாலும் அரைச் செக்கன், அதாவது செக்கனுக்கு 24 பிரேம் (தனிப்படம்) என்றால் 12 பிரேம். விழுகிற வழியில் பாரம் தெரியாது. ஒரு பொருள் அசையத் தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் தெரியும். என் புள்ளி முழுக்க இந்த ஒன்றில்தான் வந்தது என்று நம்புகிறேன்.

வகுப்பில் இதை யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. அனிமேஷனின் 12 கோட்பாடுகளைப் பாடமாக்கவிட்டார்கள். டிஸ்னி கலைஞர்கள் ஃபிராங்க் தோமஸும் ஒல்லி ஜோன்ஸ்டனும் 1981இல் தொகுத்துத் தந்தவை அவை, எழுத்துப் பேப்பருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் பன்னிரண்டையும் வரிசை பிசகாமல் ஒப்புவிக்கக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளைகளின் பந்து செயன்முறையில் பாரமில்லாமல் மிதந்தது. அவர்கள் திரும்ப எடுக்கவேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பந்துக்கு வருவோம். சீமெந்துத் தரையில் டெனிஸ் பந்து விழுந்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே எழும்பும். இறங்க 12 பிரேம் எடுத்தால் அடுத்த துள்ளலில் ஏற 9, இறங்க 9. அதற்கடுத்ததில் ஆறு ஏழு. உயரம் பாதியானாலும் நேரம் பாதியாகாது, கனபேருக்கு இங்கேதான் பிழைக்கிறது. விழும்போது சம நேரத் துண்டுகளில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். இரும்புக் குண்டும் அதே 12 பிரேமில் விழட்டும். விழுந்தபிறகு இரண்டு மூன்று பிரேமில் ஒரு சின்னத் துள்ளல், அதற்குமேல் உருளல்தான். உருண்டால் இலேசில் நிற்காது.

நிலத்தைத் தொடுகிற கீயில், பிளெண்டர் மென்பொருளில் அசைவை வளைகோடாகக் காட்டுகிற கிராப் எடிட்டரைத் திறந்து, வளைவைத் திருப்புகிற பிடியான ஹான்டிலை உடைத்துக் கூராக்குங்கள். பிளெண்டர் தானாகப் போடுகிற வளைவை அப்படியே விட்டால், தரையில் பஞ்சு மெத்தை விரித்ததுபோலப் பந்து மெதுவாகித் தொடும்.

இனிப் பாரம் தூக்குதல். இணையத்தில் வெள்ளைக்காரர் ஜிம்மில் தூக்குகிற வீடியோக்களைத் தேடி நேரத்தை விடாதீர்கள். காலபோக அறுவடை முடிந்தால் வன்னியில் எந்த மில் வாசலிலும் மூட்டை ஏறும். நான் புதுக்குடியிருப்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 50 கிலோ சீமெந்துப் பை ஏற்றுகிற மாமாவிடம் கேட்டு, போனில் பக்கவாட்டாக எடுத்தேன். "பிள்ளை, முதுகாலை தூக்கினா நாளைக்கு எழும்பேலாது. காலாலைதான் தூக்கவேணும்" என்றார். வீடியோவை வி.எல்.சி பிளேயரில் போட்டு 'ஈ' விசையை அழுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன்.

பையைத் தொட முதலே அவருடைய கால்கள் அகன்றுவிடுகின்றன. பையைத் தன் பக்கம் அரக்கி எடுக்கிறார், இடுப்பு இறங்குகிறது. பிறகு இடுப்பு மேலே வரத் தொடங்குகிறது, கை நீண்டு விறைக்கிறது, தோள் கீழே இழுபடுகிறது. பை இன்னும் நிலத்தில்தான் இருக்கிறது! உடம்பு கிளம்பியும் பை கிளம்பாத அந்த நாலைந்து பிரேமுக்குத்தான் புள்ளி. கைக்கும் பைக்கும் ஒரே பிரேமில் கீ வைத்தால் அது வெறும் மட்டைப் பெட்டி. தோளில் ஏறியதும் முழங்கால் ஒருமுறை மடிந்து உடம்பு தாழ்ந்து பிறகுதான் நிமிர்கிறது. தலை மற்றப் பக்கம் சரிகிறது. இறக்கி வைத்தபிறகும் முதுகு உடனே நிமிராது, அதையும் காட்டுங்கள்.

நடை: சாதாரண நடையில் ஒரு அடிக்கு 12 பிரேம். குதி பதிந்து பாரம் அந்தக் காலுக்கு மாறும்போது இடுப்பு ஆகத் தாழும், மற்றக் கால் கடந்து போகும்போது உயரும். பாரத்தோடு நடந்தால் அடி குறுகும், இரண்டு காலும் நிலத்தில் இருக்கிற நேரம் கூடும். இடுப்பில் தண்ணிக்குடம் என்றால் உடம்பு மறுபக்கம் சாயும், சும்மா இருக்கிற கை விலகி நீளும். கிணற்றடியில் நின்று பாருங்கள்.

குழுவாகப் படிப்பதை நான் சொல்லமாட்டேன். நாலு பேர் சேர்ந்தால் மென்பொருளைப் பற்றித்தான் கதை போகும். இரவில் தனியே இருந்து பிரேம் எண்ணுங்கள்.

சோதனை நாளுக்கு:

– வினாத்தாள் ஆங்கிலத்தில் வந்தால் அந்தரப்படவேண்டாம். செய்யவேண்டிய அசைவை முதலில் தமிழில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.
– போன் வீடியோ பெரும்பாலும் 30 பிரேம். அதில் 15 என்று எண்ணினால் 24இல் 12.
– இடுப்புக்கு முதலில் கீ, பிறகு கால், கடைசியில் கை. முகத்தைத் தொடவே வேண்டாம்.
– பிளொக்கிங்கை (முக்கிய நிலைகள் மட்டும் உள்ள முதல் வரைவு) பொறுப்பாளருக்குக் காட்டாமல் ஸ்ப்லைனுக்கு (இடைப்பட்ட அசைவை வளைவாக்குகிற கட்டம்) போகாதீர்கள்.
– கரண்ட் போகும். ஒவ்வொரு கட்டத்தையும் வேறு பெயரில் சேமியுங்கள்.
– கடைசி அரை மணித்தியாலம் புதிதாக ஒன்றும் சேர்க்காமல், இடுப்பின் மேல்கீழ் வளைவை மட்டும் திறந்து, பை நிலத்தை விட்டு எழும்புகிற பிரேமுக்கு முன்னாலேயே இடுப்பு ஏறத் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பையின் கீகளை நாலு பிரேம் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பி வாருங்கள்.