எனக்கு நானே போட்ட முட்டுக்கட்டை

ஒரு போட்டித் தேர்வில் முதல் முறை தோற்றபோது எனக்கு அழுகை வரவில்லை. "ஒழுங்காகப் படிக்கவில்லை, படித்திருந்தால் வந்திருக்கும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல மனசு லேசாயிற்று. இரண்டாம் முறையும் தோற்றேன். அதே வார்த்தைகள், அதே லேசான மனசு. அப்போதுதான் பயம் வந்தது. ஆசைப்பட்ட ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது, எனக்கு எப்படி நிம்மதி வருகிறது?

அந்த இரண்டு ஆண்டுகளும் நான் சும்மா இருக்கவில்லை. நான்கு நிறத்தில் டைம் டேபிள் போட்டேன். அது தவறிப்போனால் அடுத்த திங்கட்கிழமைக்குப் புதிதாக இன்னொன்று. கிடைத்த மெட்டீரியலையெல்லாம் சேர்த்தேன். தேர்ச்சி பெற்றவர்கள் பேசும் காணொளிகளை நள்ளிரவு தாண்டியும் பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் இரண்டு பாடங்கள் அடிக்கோடுகளால் நிறைந்திருக்கும், மூன்றாவதிலிருந்து தாள் புதுசாகவே இருக்கும். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், வேறொருவர் செய்ய வேண்டிய வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். தட்ட முடியாத வேலை என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

இரண்டாவது முடிவு வந்த வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "மாக் டெஸ்ட் எத்தனை எழுதினே?"

மாதிரித் தேர்வு ஒன்றுகூட எழுதவில்லை. சிலபஸை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்ததாகச் சொன்னேன்.

"ரெண்டு வருஷமாவா?"

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி பல நாள் கூடவே இருந்தது. நிதானமாக யோசித்தபோது ஒன்று தெரிந்தது. என் திறமைக்கு ஒரு எண் விழக்கூடிய எந்த இடத்துக்கும் நான் போகவே இல்லை. பள்ளியில் கடைசி இரவு படித்தே நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். "மூளைக்காரன்" என்ற பெயர் அப்படித்தான் வந்தது. முழுமூச்சாகப் படித்து, அப்புறமும் தோற்றால் அந்தப் பெயர் என்ன ஆகும்? அரைகுறையாகப் படித்துத் தோற்றால் பெயர் தப்பித்துவிடும். தேர்வு போனாலும் பரவாயில்லை, பெயர் மிஞ்சட்டும் என்று மனசு கணக்குப் போட்டிருக்கிறது.

இது என் ஒருவனுடைய கதை இல்லை என்பதை உளவியல் படித்தபோது தெரிந்துகொண்டேன். 1978இல் ஸ்டீவன் பெர்கிளாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இருவர் தாங்கள் நடத்திய ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு விடை காணக்கூடிய கேள்விகள். இன்னொரு பகுதியினருக்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகள். எல்லோரிடமும் "அருமையாகச் செய்தீர்கள்" என்றார்கள். அடுத்த தேர்வுக்கு முன், மூளையைக் கூர்மையாக்கும் மாத்திரை வேண்டுமா, மந்தமாக்கும் மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்கள். விடையில்லாத கேள்விகளோடு போராடி, எப்படிப் பாராட்டு கிடைத்தது என்றே தெரியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், மந்தமாக்கும் மாத்திரையை அதிகம் தேடிப் போனார்கள். அடுத்த முறை சறுக்கினால் பழியை மாத்திரை ஏற்றுக்கொள்ளும் அல்லவா? கடைசிப் பத்து நாளில் நான் கேட்டு வாங்கிய வேலைதான் என் மாத்திரை.

காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் மறுநாள் உட்கார்ந்து படித்துவிடவில்லை. "மூடு வரட்டும்" என்று இன்னும் இரண்டு வாரம் போயிற்று. அப்புறம்தான் இத்தனை நாள் எதிலிருந்து ஓடினேனோ அதை முதல் வேலையாகச் செய்ய முடிவெடுத்தேன். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்து, எதையும் புரட்டாமல் முழுசாக எழுதினேன். நூற்றுக்கு 38.

முகம் சுட்டது. ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே இருக்க முடியவில்லை. திரும்பி வந்து, தவறிய 62 கேள்விகளையும் பிரித்துப் பார்த்தேன். படிக்கவே படிக்காதவை 35. படித்து மறந்தவை 18. விடை தெரிந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டவை 9. அந்த ஒன்பது மதிப்பெண்ணுக்கு ஒரு புத்தகமும் தேவையில்லை, நிதானம் போதும். மறந்த பதினெட்டில் ஒரு கேள்வி மனசை அரித்தது, நிச்சயம் தெரியும் என்று நினைத்தது அது. விடையைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த உந்துதல் அன்று அந்த ஒற்றைக் கேள்வி வழியாகத்தான் வந்தது. அதனால்தான் "எப்படி ஆரம்பிப்பது" என்று கேட்பவர்களிடம் சிலபஸ், டைம் டேபிள் பற்றி முதலில் நான் பேசுவதே இல்லை. வினாத்தாள் எழுதுங்கள், குறைவாக வாங்குங்கள், அந்தத் தாளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள் என்கிறேன்.

தினசரி உட்கார்வதற்கு எனக்கு உதவியது மிகச் சின்ன விஷயம். "நாளை நிறையப் படிப்பேன்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, "காலையில் பல் துலக்கியதும் நேராக மேசைக்குப் போய் நேற்றுத் தவறிய முதல் கேள்வியைப் போடுவேன்" என்று எழுதினேன். எது நடந்ததும் எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைக்கும் இந்த முறையைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் மனசோடு வாதம் பண்ண வேண்டியதில்லை, அதுதான் இதில் உள்ள பெரிய வசதி.

படிக்கும் விதத்தையும் மாற்றினேன். திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மறுவாசிப்பு செய்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நமக்கு வேண்டியது ஒரு வாரம் கழித்தும் நிற்பது. அதனால் ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருக்கும்.

நாட்கள் தவறும். எனக்கு ஒருமுறை ஆறு நாள் தொடர்ந்து தவறியது. முன்பென்றால் என்னையே திட்டித் தீர்த்துவிட்டு, அந்த வெறுப்பில் இன்னும் பத்து நாள் ஓடியிருப்பேன். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள் என்று உளவியலாளர் மைக்கேல் வோல் குழுவினர் 2010இல் எழுதியிருந்தார்கள். தவறிய நாட்களை ஈடுகட்ட நினைக்காமல் ஏழாம் நாள் ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்தேன். ஈடுகட்டும் திட்டம் போட்டிருந்தால் மறுபடியும் நான்கு நிறப் பேனாக்கள்தான் வெளியே வந்திருக்கும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இந்த முட்டுக்கட்டை கடைசி மாதத்தில் திரும்ப வரும், அதுவும் நல்ல காரணத்தின் வேடத்தில். புதுப் புத்தகம் வாங்கத் தோன்றும். படிக்கும் முறையையே மாற்றத் தோன்றும். யாருக்காவது உதவத் தோன்றும். நான் தப்பிக்கப் பயன்படுத்தும் வழிகளை முன்பே ஒரு தாளில் எழுதி நண்பனிடம் கொடுத்திருந்தேன். இரண்டு முறை அவன் அதைப் படித்துக் காட்ட வேண்டி வந்தது.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதற்கு நான் சொல்லும் எதுவும் போதாது. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். படிப்பு காத்திருக்கும்.

மூன்றாம் முறை தேர்வறையிலிருந்து வெளியே வந்தபோது எப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். "முடிந்த அளவு படித்தேன், எழுதியிருக்கிறேன்" என்றேன். அப்படிச் சொல்ல நடுக்கமாக இருந்தது. சாக்கு ஒன்றும் கையில் இல்லை. முடிவு வரும்வரை தூக்கம் பிடிக்கவில்லை. தேர்ச்சி பெற்றிருந்தேன், கட் ஆஃபைவிட நான்கு மதிப்பெண் கூடுதலாக.

"இருப்பதே இரண்டு மாதம், ஒன்றும் படிக்காமல் வினாத்தாள் எழுதி மூன்று மணி நேரத்தை வீணாக்கணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். முழுத்தாள் வேண்டாம். இருபத்தைந்து கேள்விகள், நாற்பது நிமிடம். வினாத்தாளை இன்று இரவே எடுத்து, பேனாவோடு மேசையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் கைபேசியை எடுப்பதற்கு முன் முதல் கேள்வியை வாசியுங்கள்.