புயல் பணிக்கு ஒரு ஹாம் பை

ஹாம் ரேடியோ என்பது தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு. அதற்கான உரிமம் கைக்கு வந்ததும் எந்த செட் (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ கருவி) வாங்கலாம் என்றுதான் எல்லாரும் விசாரிப்பார்கள். பேரிடர் சமயத்தில் தன்னார்வலராகக் கிளம்ப ஒரு பையைத் தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான், அதில் செட்டின் பங்கு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

2018-இல் கஜா அடித்த டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் முதலில் பேட்டரி. தொலைதூரம் பேச உதவும் 100 வாட் ஹெச்.எஃப். (சிற்றலை) செட் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே சுமார் 1 ஆம்பியர் இழுக்கும், முழு பவரில் பேசினால் 20 ஆம்பியர் வரை போகும். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி எந்த மூலைக்கு? 20 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினேன். விலை கொஞ்சம் கடித்தது. ஆனால் ஈய பேட்டரியைவிட எடை மிகக் குறைவு, மழையில் தோளில் சுமக்கப் போவது நான்தானே. பவரைக் குறைத்து, சுருக்கமாகப் பேசினால் தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது ஆன்டெனா. 5 வாட் ஹேண்டி, அதாவது கையடக்க செட், நல்ல பொருள்தான், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) உயிரோடு இருக்கும்வரை. அது படுத்துவிட்டால் தரையில் நின்று ஹேண்டிக்கு ஹேண்டி பேச முடிவது சில கிலோமீட்டர்தான். மாவட்டம் தாண்ட வேண்டுமென்றால் ஹெச்.எஃப். செட்டில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மொத்தம் 20 மீட்டர் கம்பியில் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் கம்பி நீளும் ஆன்டெனா) செய்து, நடுவை ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் சரித்துவிடலாம். இவ்வளவு தாழ்வாகக் கட்டினால் சிக்னல் கிட்டத்தட்ட நேராக மேலே போய், வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். வேதாரண்யத்துக்கும் சென்னைக்கும் இடையிலான தூரத்துக்குப் பகலில் அது போதும்.

வீட்டு மெயினை அணைத்துவிட்டு, மொட்டை மாடியில் டார்ச் வெளிச்சத்தில் இதையெல்லாம் கட்டிப் பார்த்தேன். நைலான் கயிறு, ஆன்டெனா கேபிளுக்கு உபரி பி.எல்.-259 கனெக்டர்கள், ஹேண்டிக்கான அடாப்டர், ஃப்யூஸ், இன்சுலேஷன் டேப் எல்லாம் அந்த ஒத்திகைக்குப் பிறகு பைக்குள் போனவை. டார்ச்சும் தலையில் மாட்டும் வகைக்கு மாறியது.

ஹெட்போனைச் சிலர் ஆடம்பரம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிவாரண முகாமில் செட்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். காணாமல் போன ஒருவரைப் பற்றி அரைகுறைச் செய்தி ஸ்பீக்கரில் வந்தால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவர் வீட்டு ஆளாகவே இருக்கலாம்.

செய்தி எழுத நோட்டும் பென்சிலும். ஈரக் காகிதத்தில் பேனா மை ஊறிவிடும்.

சொந்தச் சாமான்களில் ஒரே கணக்குதான்: முகாமுக்கு வந்த சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. அவல், கடலை மிட்டாய், தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., வழக்கமான மாத்திரைகள், கொசுக்கடிக்குக் களிம்பு, மாற்று உடை, லுங்கி. ஏ.டி.எம். வேலை செய்யாது, சில்லறை நோட்டாகப் பணம் வேண்டும்.

அப்புறம், உரிமத்தின் நகலும் அடையாள அட்டையும் ஜிப் கவரில், மேல் பாக்கெட்டில். தெரியாத ஊரில் மரத்தில் கம்பி ஏற்றிக்கொண்டிருக்கும் ஆளிடம் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.