கடைசிப் பக்கத்து வரிகள்

2007 ஜனவரி முதல் வாரம். இலங்கையின் வடக்கு கிழக்கு மாகாணம் அப்போதுதான் இரண்டாகப் பிரிந்திருந்தது. நான் அப்போது மட்டக்களப்பில் மாகாணத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞர். அலுமாரியில் 'வடக்கு கிழக்கு மாகாணம்' என்று அச்சடித்த கடிதத்தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. புதிய தாள் வரும்வரை அதைத்தான் பாவிக்க வேண்டும். அடிமட்டம் வைத்து, நீலப் பேனையால் 'வடக்கு' என்பதை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தேன். சம்பள நிலுவை விசாரிக்க ஆரையம்பதியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மனே, என்ர பைல் இப்ப எந்த மாகாணத்தில கிடக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகுதான் சட்டங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். பழையது போய்ப் புதியது வரும் இடைவெளியில் யார் பதவியில் இருப்பது, எத்தனை நாளைக்கு, முடியாத வேலை யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நிலைமாறுகால ஏற்பாடுகள் என்பார்கள்.

1978 அரசியலமைப்பின் 161ஆம் உறுப்புரையைப் பாருங்கள். 1977இல் தெரிவான சபையே புதிய யாப்பின் முதலாவது பாராளுமன்றம் என்று அது சொன்னது. தற்காலிகத்துக்கு எழுதிய உறுப்புரைதான். 1979 பெப்ரவரியில் இரண்டாம் திருத்தம் அதைத் தொட்டது: கட்சியை விட்டு விலகும் அல்லது விலக்கப்படும் உறுப்பினரின் ஆசனம் என்னாகும் என்பதை மாற்றி எழுதியது. அடுத்த மாதமே எங்கள் மட்டக்களப்பு உறுப்பினர் இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியிலிருந்து ஆளுங்கட்சிக்குப் போனார். 1983 ஆகஸ்டில் முடிய வேண்டிய அந்தப் பாராளுமன்றத்தை, 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பு வைத்து 1989 வரை இழுத்தார்கள்.

ஒழுங்காக எழுதினால் அதன் பலனும் தெரியும். 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் காலத்தை ஐந்து வருடமாகக் குறைத்தபோது, அப்போது பதவியில் இருந்தவருக்கும் அது பொருந்தும் என்று 49ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். ஆறு வருடம் இருக்கலாமா என்று மைத்திரிபால சிறிசேன 2018இல் உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். ஐந்துதான் என்று பதில் வந்தது.

சரி, நாங்கள் வெட்டிய அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 1988இல் வடக்கையும் கிழக்கையும் இணைத்தது தற்காலிகமாகத்தான். கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுப்பதாக ஏற்பாடு. அதை ஒத்திவைத்து ஒத்திவைத்தே 18 வருடம் போனது. 2006 ஒக்டோபர் 16 அன்று இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. இணைப்பு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் எங்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதும் அதே கதைதான். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. புதிய எல்லைகள் வரும்வரை பழைய முறையிலேயே தேர்தல் வைக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை; தேர்தலும் நடக்கவில்லை. கல்லடியில் புதுப் பாலம் கட்டியபோது, 2013இல் அது திறக்கும்வரை வாகனங்கள் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தில்தானே ஓடின?

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டம்பரில். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. நானும் மனைவியும் வாக்களித்துவிட்டு வந்ததும் எங்கள் விரல் மையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30இல் முடிந்தது. அவள் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்திருக்கிறாள், பாராளுமன்றத்துக்கும் வாக்களித்திருக்கிறாள். மாகாண சபைக்கு மட்டும் இன்னும் ஒரு தடவைகூட இல்லை.